ஆள் மாறும், பேர் மாறாது: அயர்லாந்தின் ஷோபேண்ட் சாலையில் ஐந்து நாள்

நாள் 1: டப்ளின்

லூவாஸ் டிராமின் பச்சைத் தடத்தில் வந்து பார்னெல் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் பார்னெல் சதுக்கத்தின் வடக்குப் பக்கம். நேஷனல் பால்ரூம் என்ற நடன அரங்கு இருந்த இடம் இது. அரங்கு போய்விட்டது. அதன் முன்னால் நடைபாதையில் ஒரு சிற்பம் நிற்கிறது. ரெட்மண்ட் ஹெரிட்டி செய்தது, பெயர் 'லெட்ஸ் டான்ஸ்'. 2007 டிசம்பர் 10 அன்று திறந்தார்கள். ஃபிரான் ஓடூல், டோனி கெரட்டி, பிரையன் மெக்காய் என்ற மூன்று பேரின் நினைவாக. மூவரும் 1975-இல் மயாமி ஷோபேண்டில் வாசித்தவர்கள். எப்படி இறந்தார்கள் என்பது நாள் 5-இல் வரும்.

ஷோபேண்ட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடலாம். ஏழு அல்லது எட்டுப் பேர் கொண்ட நடனக் குழு. கிட்டார், பேஸ், டிரம்ஸ், பியானோ அல்லது ஆர்கன், டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், முன்னால் ஒரு பாடகர். அந்த வாரம் ரேடியோ லக்ஸம்பர்க்கில் வந்த பாட்டை அச்சு அசலாக மேடையில் வாசித்துக் காட்டுவார்கள். சொந்தப் பாட்டு குறைவு. 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் நடு வரை அயர்லாந்து முழுக்க, குக்கிராமம் வரைக்கும், இவர்களின் ராஜ்ஜியம்.

ஒரு ஷோபேண்டின் வரலாற்றைப் பாட்டுகளை வைத்துப் படித்தால் பாதிதான் கிடைக்கும். நாற்காலிகளை வைத்துப் படிக்க வேண்டும். டிரம்பெட் நாற்காலியில் யார் இருந்தார், ஏன் எழுந்து போனார், அடுத்து யார் வந்து உட்கார்ந்தார் என்று பார்த்துக்கொண்டே போனால் பணம், சண்டை, அரசியல் எல்லாம் தானாக வெளியே வரும். ஒரு தாளில் எட்டுப் பத்தி போட்டு, மேலே வாத்தியத்தின் பெயரை எழுதி, பக்கவாட்டில் வருடம் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஐந்து நாளும் அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

மயாமியின் தாள் 1962-இல் தொடங்குகிறது. டாம் டோஹர்ட்டி என்ற நிகழ்ச்சி அமைப்பாளர், வடக்கு டப்ளினில் ஏற்கெனவே இருந்த டவுன்பீட்ஸ் குவார்ட்டெட் என்ற குழுவை எடுத்துப் பெரிதாக்கினார். அவர்கள் வாசிக்கவிருந்த இடம் போர்ட்மார்னக் கடற்கரையில் இருந்த பாம் பீச் பால்ரூம். பாம் பீச் என்றால் ஃபுளோரிடா. ஃபுளோரிடா என்றால் மயாமி. பெயர் அப்படி வந்தது. பாட ஜிம்மி ஹார்ட் என்பவரை வைத்திருந்தார்கள். முதல் மேடைக்குச் சற்று முன்பே அவர் இடத்துக்கு டிக்கி ராக் வந்துவிட்டார். அதாவது முதல் மேடைக்கு முன்பே முதல் ஆள் மாற்றம்.

கப்ரா பகுதியில் பிறந்த டிக்கி ராக்கின் குரலில் மயாமிக்கு 7 முதலிடப் பாட்டுகள் கிடைத்தன. 1966-இல் லக்ஸம்பர்க்கில் நடந்த யூரோவிஷன் போட்டியில் அயர்லாந்துக்காகப் பாடி 4-ஆம் இடம் பிடித்தார். அடுத்த வருடமே குழு உடைந்தது. டிரம்பெட் டாமி ஓரூர்க், டிராம்போன் மர்ட்டி குவின், சாக்ஸபோன் மார்ட்டின் ஃபீலன், டிரம்ஸ் டோனி போகன், நால்வரும் வெளியே போய் 'தி சாண்ட்ஸ்' என்ற புதுக் குழுவைத் தொடங்கினார்கள். தாளில் குறித்துப் பாருங்கள்: ஊதுகருவி வரிசை மொத்தமும் காலி, கூடவே தாளமும் போயிற்று. மிஞ்சியதில் முக்கியமானவை பாடகரும் பெயரும். அந்த இரண்டை வைத்தே மயாமி அடுத்த வாரங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு ஓடியது. அரங்குக்காரருக்குப் பெயர் போதும். வாசலில் நின்ற கூட்டத்துக்கும் அதுவே போதும்.

நேரம் இருந்தால் சிவப்புத் தடத்தில் மியூசியம் நிறுத்தத்தில் இறங்கி காலின்ஸ் பேரக்ஸில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, ஞாயிறும் திங்களும் மதியம் 1 மணிக்குத்தான் திறப்பார்கள். அயர்லாந்து ராக் கிட்டார் கலைஞர் ரோரி கேலஹரின் 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 2024-இல் லண்டன் ஏலத்துக்கு வந்தபோது, நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று வாங்கி தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். காட்சியில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அதை ராக் இசையின் சின்னமாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அது ஷோபேண்ட் கிட்டார். முதலில் அதை வைத்திருந்தவர் ராயல் ஷோபேண்டின் ஜிம் கான்லன். அவர் கேட்டது சிவப்பு. வந்தது மஞ்சளும் பழுப்பும் கலந்த சன்பர்ஸ்ட். சிவப்பு வந்ததும் இதை விற்றுவிட்டார். 1963-இல் கார்க் நகரில் குரோலி கடையில் 100 பவுண்டுக்கு அதை வாங்கியபோது ரோரிக்கு வயது 15. ஃபோண்டானா ஷோபேண்டில் வாசித்துக்கொண்டிருந்தார். உடம்பு முழுக்க வண்ணம் உரிந்து மரம் வெறுமனே தெரியும். ஓரங்களிலும் குழிகளிலும் மட்டும் பழைய சன்பர்ஸ்ட் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். வியர்வையும் முழங்கையும் முப்பது வருடம் தேய்த்த வேலை அது.

கிளம்பும் முன் ஒரு எச்சரிக்கை. நாள் 4-உம் 5-உம் வட அயர்லாந்தில். எல்லையில் சோதனைச் சாவடி இல்லை. ஆனால் அது பிரிட்டனோடு சேர்ந்த பகுதி. வேறு நாடு, வேறு விசா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அயர்லாந்தின் குறுகிய கால விசாவில் 'பிஐவிஎஸ்' (பிரிட்டன்-அயர்லாந்து விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் அதே விசாவில் வடக்கே போகலாம். வாடகைக் கார் எடுக்கும்போது எல்லை தாண்டுவதைச் சொல்லிக் காப்பீட்டில் எழுதி வாங்குங்கள்.

நாள் 2: வாட்டர்ஃபோர்டு

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயில், இரண்டேகால் மணி நேரம் போல. வழியில் கார்லோ வரும். ராயல் ஷோபேண்டின் மேலாளர் டி.ஜே. பர்ன் அந்த ஊர்க்காரர். கில்கெனியில் ரயில் திசை திருப்பிக் கிளம்பும், ஊருக்கே திரும்பிப் போகிறதோ என்று பதற வேண்டாம். வாட்டர்ஃபோர்டில் நிலையம் சுயர் ஆற்றின் வடகரை. பாலம் தாண்டினால் நகரம்.

மயாமிக்கு நேர் எதிர் உதாரணம் ராயல். ஏழு பேர்: பிரெண்டன் போயர் பாட்டும் டிராம்போனும், டாம் டன்ஃபி பாட்டும் பேஸும், ஜிம் கான்லன் கிட்டார், மைக்கேல் காப்பிஞ்சர் சாக்ஸபோன், ஜெரி கல்லன் பியானோ, எடி சல்லிவன் டிரம்பெட், சார்லி மேத்யூஸ் டிரம்ஸ். இந்த ஏழு நாற்காலியும் 1960-கள் முழுக்க அசையவில்லை. அதனால்தான் அவர்களுக்கு ஒவ்வொரு அரங்கிலும் அதே ஒலி கிடைத்தது. 1962 ஏப்ரல் 2 அன்று லிவர்பூல் பெவிலியன் அரங்கில் விளம்பரத்தில் மேலே ராயல், கீழே பீட்டில்ஸ். 1963-இல் போயர் பாடிய 'கிஸ் மீ குவிக்' அயர்லாந்தில் முதலிடம். 1965-இல் 'ஹக்கிள்பக்' அதைவிடப் பெரிய வெற்றி. இன்றைக்கும் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு வந்தால் பாட்டிமார் எழுந்துவிடுவார்கள்.

ஒரு இரவு எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் ஆள் மாற்றம் ஏன் என்று புரியும். 9 மணிக்குக் கதவு திறக்கும். முதலில் 'ரிலீஃப் பேண்ட்', உள்ளூர்ப் பையன்கள். கூட்டம் சேரும்வரை அவர்கள் வாசிக்க வேண்டும். பேர் பெற்ற குழு பத்தரை போல மேடை ஏறும். முடிய நடுநிசி தாண்டிவிடும். மூன்று மூன்று பாட்டாகக் கோத்து, வேகமானது ஒரு கட்டு, மெதுவானது ஒரு கட்டு. மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஜோடி பிரிந்து, பெண்கள் ஒரு சுவரோரம், ஆண்கள் எதிர்ச் சுவரோரம் போய் நிற்பார்கள். நடுவில் ஒருமுறை 'லேடீஸ் சாய்ஸ்', அப்போது பெண்கள் போய் அழைப்பார்கள். மதுக்கடை கிடையாது. 'மினரல் பார்' என்ற மேசையில் ஆரஞ்சு, எலுமிச்சை சோடா, தேநீர். மது இல்லாததால் அரங்கின் வருமானம் முழுக்க வாசல் கட்டணம்தான். குழுவுக்கு அதில் சதவீதம். அங்கேதான் சிக்கல்.

அந்தச் சதவீதத்தை எப்படிப் பிரிப்பது? சில குழுக்களில் சமபங்கு. சிலவற்றில் மேலாளர் வாங்கிக்கொண்டு வாசிப்பவர்களுக்கு வாரச் சம்பளம். சுவரொட்டியில் முதலில் குழுவின் பெயர் மட்டும் இருக்கும். பாடகர் பெரியவர் ஆனதும் 'இன்னாரும் இன்ன குழுவும்' என்று மாறும். அந்த 'உம்' வந்த நாளிலிருந்து டிரம்பெட்காரர் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். அவர் சட்டை அதே, பயணம் அதே, தூக்கம் அதே. பங்கு மட்டும் வேறு. உடைந்த குழுக்கள் பலவற்றுக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

தவக்காலம் இன்னொரு நெருக்கடி. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் குடியரசுப் பகுதியில் நடன அரங்குகள் மூடிக்கிடக்கும். பெரிய குழுக்கள் லண்டன் கிரிக்கிள்வுட்டில் கால்டிமோர் போன்ற அயர்லாந்துக்காரர் அரங்குகளுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விடும். வழி இல்லாத சின்னக் குழுக்களுக்கு அந்த நாற்பது நாள் வரும்படி இல்லை. குடும்பம் உள்ளவர்கள் அப்போதே நிரந்தர வேலை தேடிப் போனார்கள். ராயல் இந்தத் தொல்லைக்கு லாஸ் வேகாஸில் விடை தேடியது. ஆனால் 1971-இல் போயரும் டன்ஃபியும் விலகி 'பிக் 8' என்ற குழுவைத் தொடங்கினார்கள். கேபிடல் ஷோபேண்டில் பேர் எடுத்த சாக்ஸபோன்காரர் பேடி கோல் அதில் சேர்ந்தார். அசையாத நாற்காலி வரிசை அத்தோடு கலைந்தது.

நாள் 3: முல்லிங்கர், ரூஸ்கி, கிளென்ஃபார்ன்

கார் இல்லாதவர்கள் டப்ளின் கனலி நிலையத்தில் ஸ்லைகோ ரயில் பிடிக்கலாம். முல்லிங்கர், டிராமட், கேரிக்-ஆன்-ஷானன் எல்லாம் அந்தத் தடத்திலேயே வரும்.

முல்லிங்கர் சந்தைச் சதுக்கத்தில் ஜோ டோலன் சிலை இருக்கிறது. அவர் குழு டிரிஃப்டர்ஸ். 1968-இல் ஜோவையும் அண்ணன் பென்னையும் விட்டு மற்றவர்கள் விலகி 'தி டைம்ஸ்' ஆனார்கள். ஜோ புது ஆட்களைச் சேர்த்து அதே பெயரில் தொடர்ந்தார். பழைய இசைத்தட்டு வாங்குபவர்கள் இங்கே ஏமாறுவது உண்டு. அமெரிக்க டிரிஃப்டர்ஸ் வேறு. அயர்லாந்து டிரிஃப்டர்ஸிலும் 1968-க்கு முன் ஒன்று, பின் ஒன்று. உறையில் வருடம் பாருங்கள்.

என்4 சாலையில் மேலே போனால் ரூஸ்கி. பின்னாளில் பிரதமரான ஆல்பர்ட் ரெனால்ட்ஸும் அண்ணன் ஜிம்மும் நடன அரங்குத் தொழிலை இந்தப் பக்கம்தான் வளர்த்தார்கள். ரூஸ்கியில் கிளவுட்லேண்ட், மோட்டில் ரோஸ்லேண்ட், ஏதையில் டிரீம்லேண்ட், லிமெரிக்கில் ஜெட்லேண்ட். 'லேண்ட்' என்று முடிந்தால் ரெனால்ட்ஸ் அரங்காக இருக்கலாம் என்று அன்றைக்குச் சொல்லிவிடலாம்.

இதே தடத்தில், கேரிக்-ஆன்-ஷானன் அருகே, 1975 ஜூலை 29 அன்று கார் விபத்தில் டாம் டன்ஃபி இறந்தார். ஷோபேண்ட்காரர்களின் உண்மையான பணியிடம் சாலைதான். இரவு முடிந்ததும் நூறு, இருநூறு கிலோமீட்டர் குறுகிய சாலையில் தூக்கக் கலக்கத்தோடு திரும்ப வேண்டும்.

கிளென்ஃபார்ன் என்16 சாலையில், மேனர்ஹாமில்டனுக்கும் பிளாக்லயனுக்கும் நடுவே. ஜான் மெக்கிவர்ன் 1934-இல் கட்டிய ரெயின்போ பால்ரூம் இன்றும் நிற்கிறது, பழைய ஷோபேண்ட் பொருட்களும் உண்டு. முன்கூட்டித் தொடர்புகொண்டு போங்கள். சின்ன ஊர், எப்போதும் திறந்திருக்காது.

உள்ளே போனால் மேடையில் நின்று கூரையைப் பாருங்கள். வளைந்த கூரை, கடினமான சுவர், மரத்தரை. காலியாக இருக்கும்போது கைதட்டினால் ஒலி சுற்றிவரும். ஆயிரம் பேர் நின்றால் அத்தனையையும் உடம்புகள் உறிஞ்சிவிடும், பாடகரின் குரல் வறண்டு போகும். அதற்குத்தான் எதிரொலிப் பெட்டி. ஷோபேண்ட்கள் விரும்பி வைத்திருந்தது இத்தாலியின் பின்சன் எக்கோரெக். மற்ற பெட்டிகளில் காந்த நாடா சுற்றும்; இதில் காந்தக் கம்பி சுற்றிய உலோக வட்டு. வட்டைச் சுற்றி அழிக்க ஒரு தலை, பதிய ஒரு தலை, திரும்ப வாசிக்க நான்கு தலை. நாடா அறுகிற தொல்லை இல்லை. ஆனால் மோட்டாரின் சுழற்சியை வட்டுக்குக் கொடுக்கும் சின்ன ரப்பர் சக்கரம் இறுகினாலோ எண்ணெய் பட்டாலோ வட்டு சீராகச் சுற்றாது. எதிரொலியின் சுருதி அலையும். மெதுவான பாட்டில் அது உடனே காதில் படும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் சக்கரத்தைத் துடைப்பார்கள். அதிலும் சரியாகாவிட்டால் சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

இதைவிட ஆபத்தானது மின்சாரம். கிட்டாருக்கும் மைக்குக்குமான இரண்டு ஆம்ப்ளிஃபையரும் பூமி இணைப்போடு இருந்தால் சில அரங்குகளில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும். இரைச்சலைப் போக்க ஒன்றின் பூமிக் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் இருந்தது. அந்த ஆம்ப் பழுதானால் கிட்டார்க் கம்பியில் மின்சாரம் நிற்கும். கை கம்பியில், உதடு மைக்கில் என்றால் நெஞ்சு வழியாகப் பாயும். டிக்ஸிஸ் குழுவின் பாடகர் பிரெண்டன் ஓபிரையன் 1974-இல் கார்க் மேடையில் மைக்கைத் தொட்டுச் சாகும் நிலைக்குப் போனார். பழைய கருவி வாங்கி வாசிப்பவர்கள் முதலில் பூமி இணைப்பைச் சோதியுங்கள். ஆர்சிடி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) உள்ள மின்செருகி இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

நாள் 4: ஸ்ட்ராபேன்

இங்கே பார்க்கக் கொஞ்சம்தான். ஆனால் தொடங்கிய இடம் இது. கிளிப்பர் கார்ல்டன் என்ற குழு இந்த ஊருடையது. அதுவரை நடனக் குழுக்கள் உட்கார்ந்து, முன்னால் இசைக்குறிப்புத் தாங்கி வைத்து வாசித்தன. இவர்கள் தாங்கிகளை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றார்கள், ஆடினார்கள், பேர் பெற்றவர்களைப் போல நடித்துக் காட்டினார்கள். ஷோபேண்டில் உள்ள 'ஷோ' அதுதான். எழுந்து நின்றால் குறிப்பைப் பார்க்க முடியாது, மனப்பாடம் வேண்டும். குறிப்பைப் பார்த்து மட்டும் வாசிக்கத் தெரிந்த பழைய ஆட்கள் மெல்ல விலக, காதால் கேட்டுப் பிடிக்கும் இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். நாற்காலி மாற்றம் என்று பேசுகிறோமே, இங்கே நாற்காலியையே எடுத்துவிட்டார்கள்.

ஊருக்கு வெளியே, லிஃபர்டு போகும் வழியில் மாரிஸ் ஹாரன் செய்த ஐந்து உலோக உருவங்கள், ஆடுபவர்களும் வாசிப்பவர்களும், ஒவ்வொன்றும் ஐந்து மீட்டருக்கும் மேல். வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்க்க வசதி உண்டு.

நாள் 5: கேலடன், பான்பிரிட்ஜ், புஸ்கில்

ஓமா, ஆக்னக்ளாய், கேலடன், ஆர்மா, டாண்ட்ராகீ, பான்பிரிட்ஜ். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேக வரம்பு இங்கே மைல் கணக்கில், கடையில் பவுண்டு.

மீண்டும் மயாமியின் தாளை எடுங்கள். 1972 வாக்கில் டிக்கி ராக் தனியாகப் பாடப் போனார். 1967-இல் பாடகர் இருந்து ஊதுகுழல்கள் போயின. இந்த முறை பாடகரே போனார். அவர் இடத்துக்கு ஃபிராங்கி, ஜானி சைமன் சகோதரர்கள் வந்தார்கள், பிறகு அவர்களும் போனார்கள். பேஸ் வாசித்த பால் ஆஷ்ஃபர்டும் விலகினார். கடைசியில் கீபோர்டுக்காரர் ஃபிரான் ஓடூலே முன்னால் வந்து பாடினார். 1975 கோடையில் தாள் இப்படி இருந்தது: பிரேயிலிருந்து ஃபிரான் ஓடூல், பாட்டும் கீபோர்டும். டப்ளின் டோனி கெரட்டி, கிட்டார். கேரிக்-ஆன்-சுயரின் ஸ்டீபன் டிராவர்ஸ், பேஸ், புதிதாக வந்தவர். பெல்ஃபாஸ்ட் டெஸ் மெக்கலீ, சாக்ஸபோன். மேடையில் டெஸ் லீ. கேலடன் பிரையன் மெக்காய், டிரம்பெட். ஆண்ட்ரிம் ரே மில்லர், டிரம்ஸ். எட்டு ஆறாகிவிட்டது. டிராம்போன் நாற்காலியே இல்லை. மயாமியின் பழைய படம் கையில் கிடைத்தால் காலம் கணிக்க இதுவே எளிய வழி: டிராம்போன் தெரிந்தால் முந்தையது, ஆறு பேர், ஊதுபவர்கள் இரண்டே பேர் என்றால் கடைசிக் காலம். ஹோட்டல் பார்களும் டிஸ்கோக்களும் கூட்டத்தை இழுத்தபோது செலவு குறைக்க முதலில் எடுத்தது ஊதுகுழல்களைத்தான்.

இந்த ஆறு பேரில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் உண்டு, வடக்கும் தெற்கும் உண்டு. மெக்காயும் மில்லரும் வடக்கு புராட்டஸ்டண்டுகள். இரண்டு தரப்பும் வெட்டிக்கொண்ட காலத்தில் இரண்டு தரப்பு இளைஞர்களும் ஒரே அரங்கில் இவர்களுக்கு ஆடினார்கள்.

1975 ஜூலை 30 இரவு பான்பிரிட்ஜ் காசில் பால்ரூமில் வாசித்தார்கள். கருவி வண்டி முன்னால் கிளம்பியது. ரே மில்லர் வீடு வடக்கே என்பதால் தன் காரில் ஆண்ட்ரிம் போனார். மற்ற ஐவரும் ஃபோக்ஸ்வேகன் மினிபஸ்ஸில் டப்ளின் நோக்கி, ஓட்டியவர் மெக்காய். நியூரிக்கு 11 கிலோமீட்டர் வடக்கே புஸ்கில்லில், அதிகாலை இரண்டரை மணி வாக்கில், ராணுவ உடையில் சிலர் விளக்கை ஆட்டி நிறுத்தினார்கள். வடக்கில் அன்றாடம் நடக்கும் சோதனைதான், யாரும் சந்தேகப்படவில்லை. ஐவரையும் இறக்கிப் பள்ளத்தைப் பார்த்து நிற்க வைத்தார்கள். நிறுத்தியவர்கள் யுவிஎஃப் என்ற புராட்டஸ்டண்ட் தரப்பு ஆயுதக் குழுவினர். மினிபஸ்ஸில் குண்டு வைத்து, அது போகும் வழியில் வெடித்தால், குழுவினரே குண்டு கடத்தினார்கள் என்று ஆகிவிடும் என்பது திட்டம். வைக்கும்போதே வெடித்து, வைத்த இருவரும் இறந்தார்கள். மற்றவர்கள் குழுவினரைச் சுட்டார்கள். மெக்காய், கெரட்டி, ஓடூல் இறந்தார்கள். டிராவர்ஸ் படுகாயத்தோடு கிடந்தார். மெக்கலீ எழுந்து சாலைக்கு ஓடி உதவி கேட்டார்.

தண்டனை பெற்றவர்களில் அல்ஸ்டர் டிஃபென்ஸ் ரெஜிமெண்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பிரிவின் ஆட்கள் இருந்தார்கள். அரசுத் தரப்பின் கூட்டுச் சதி பற்றித் தொடுத்த வழக்கு 2021 டிசம்பரில் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு இழப்பீட்டோடு சமரசமாக முடிந்தது.

புஸ்கில் வழியாகப் போகும் ஏ1 இன்று அகலமான இரட்டைச் சாலை, வண்டிகள் பறக்கும். இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் நிறுத்தாதீர்கள். அடுத்த வெளியேறும் வழியில் இறங்கிக் கிளைச் சாலைகளில் வாருங்கள். சுற்றிலும் வயலும் வேலியும்தான்.

அந்த வருடக் கடைசியிலேயே மயாமி மறுபடி மேடை ஏறியது. பெயர் அதே, பிழைத்தவர்களோடு புது ஆட்கள். டிராவர்ஸ் 1976-இல் விலகினார். மெக்கலீ பிறகு தென்னாப்பிரிக்கா போனார். 2005-இல் டப்ளின் விகார் ஸ்ட்ரீட் அரங்கில் நினைவு நிகழ்ச்சிக்காக டிராவர்ஸ், மெக்கலீ, மில்லர் மூவரும் மீண்டும் சேர்ந்து வாசித்தார்கள்: பேஸ், சாக்ஸபோன், டிரம்ஸ்.

நியூரியிலிருந்து டப்ளினுக்கு நேரடி ரயில் உண்டு. நிலையம் ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து பேருந்து பிடித்துப் போங்கள்.